இரண்டு கதவைக் கொடுத்து நான்கு கதவு வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. ஆசை ஆசையாய் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு, தினமும் வேலைக்குப் போய்வர ஒழுங்கான கார் ஒன்று வாங்கலாமா என்று. கடிதங்களைக் கத்தரித்திருக்கிறேன். காரின் நிறத்தை வர்ணித்த பத்திகள்தான் முதலில் போயின. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், ஒன்பது வருடமாக மாஸ்டா எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிறேன், துணிக் கூரையை மடித்துத் திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். மேனுவல் கியர். புது வேலைக்குப் போக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், அதில் முக்கால்வாசி நெரிசல். இடது முழங்கால் வலிக்கிறது. விற்க மனசு வரவில்லை, வைத்திருக்கவும் தெம்பில்லை.

மாற்றுங்கள். ஆனால் இந்த வாரமே வேண்டாம்.

1989-இல் அந்தக் கார் வந்தபோது அதன் நோக்கம் எளிமையானது: எடை குறைவாக இருக்க வேண்டும், இரண்டு பேர் உட்கார வேண்டும், வளைவுகளில் சிரிப்பு வர வேண்டும். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. செய்தவர்கள் யாரும் முதல் கியருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் ஊர்கிறவரை மனத்தில் வைத்துச் செய்திருக்க மாட்டார்கள். தப்பு உங்கள் மேலும் இல்லை, கார் மேலும் இல்லை. வேலைதான் மாறிவிட்டது.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் ஊர்ந்தீர்கள், எத்தனை நிமிடம் ஓடினீர்கள், பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள், எந்தப் பொருளை ஏற்ற இடமில்லாமல் விட்டுவிட்டு வந்தீர்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நிஜமாகவே முக்கால்வாசி நெரிசல் என்றால், எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் உங்களுக்குப் பொருந்தும். பிரேக் பிடிக்கும்போது வெப்பமாகப் போய்விடும் ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். ஊரும்போது பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் நகரும். 1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பம், பயப்பட ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் நோட்டு.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். நிறுத்திவைத்த கார் செலவு வைக்காது என்பது பெரிய பொய். ஓடாவிட்டாலும் டயருக்கு வயதாகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், பெரும்பாலான கார்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட்டரி தானாகவே இறங்கும். காப்பீடு, நிறுத்துமிடம் இரண்டும் இரட்டையாகும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் தாங்கும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் சந்தோஷம். விற்பதானால் வானம் தெளிந்த பருவத்தில் விற்றுவிடுங்கள். மழைக்காலத்தில் வருகிறவர் முதலில் கூரைத் துணியின் ஓரத்தைத்தான் தடவிப் பார்ப்பார், விலையும் அங்கிருந்தே இறங்கும்.

கேள்வி: என்னுடையது இரண்டு சீட் கார், பின் சீட்டே கிடையாது. குழந்தை பிறக்கப் போகிறது. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கையை முன் சீட்டில் கட்டலாமா? முன் காற்றுப்பையை (ஏர்பேக்) அணைக்கும் வசதி காரில் இல்லை.

கூடாது. கார்தான் போக வேண்டும்.

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில் கேட்டதைவிட ஷோரூமில் அதிக விலை தருகிறார்கள். புதுக் காரின் மாதத் தவணையும் என் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள், இது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல்.

உள்ளே போனதும் அந்த விற்பனையாளர் என்ன கேட்டார்? "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" இதுதானே? என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். நானும் பெருமையாக ஒரு தொகை சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் எழுதி வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் ஏழு வருடம் கிடந்தேன்.

நீங்கள் செய்யப்போவது ஒரு வியாபாரம் இல்லை, மூன்று. பழைய காரை விற்கிறீர்கள், புதுக் காரை வாங்குகிறீர்கள், கடனை வாங்குகிறீர்கள். மூன்றையும் ஒரே தாளில் கலக்கிவிட்டால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று தெரியாது. பழைய காருக்கு அள்ளிக் கொடுப்பார்கள், புதுக் காரில் தரவேண்டிய தள்ளுபடியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். நீங்களோ "என் காரின் அருமை தெரிந்தவர்கள்" என்று உருகிக்கொண்டிருப்பீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பலவீனம் உண்டு. காரைப் புகழ்ந்தால் பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி.

அப்புறம் தவணை. ஒரு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம், எந்த ஊர்ப் பணமானாலும் சரி. வருடத்துக்கு 9 சதவீத வட்டி, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் முறை. 60 மாதத்தில் அடைத்தால் தவணை சுமார் 2,076. மொத்த வட்டி சுமார் 24,550. அதையே 84 மாதமாக இழுத்தால் தவணை சுமார் 1,609-க்கு இறங்கிவிடும். கைக்கு அடக்கம்! ஆனால் வட்டி 35,150-ஐத் தொடும். வட்டியே குறையாமல் முதல் தொகைக்கே கடைசிவரை கணக்குப் போடும் முறையும் உண்டு. அதில் "வெறும் 9 சதவீதம்" என்று சொல்லும் ஐந்து வருடக் கடன், உண்மையில் 16 சதவீதத்தை நெருங்கும். எந்த முறை என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். பழைய கார் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் புதுக் காரின் இறுதி விலையை எழுத்தில் வாங்குங்கள். முன்பு போன ஷோரூமில் முகம் தெரிந்துவிட்டது என்றால் வேறு ஷோரூமுக்குப் போங்கள். பழைய காருக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், அதில் ஒரு இடமாவது கார் விற்காத, வாங்க மட்டும் செய்கிற இடமாக இருக்கட்டும். கடனை உங்கள் வங்கியில் தனியாக விசாரியுங்கள். பழைய காரின் மேல் இன்னும் கடன் பாக்கி இருந்தால் அதைப் புதுக் கடனுக்குள் மடித்து வைக்கச் சொல்வார்கள்; விற்றுவிட்ட காருக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும்: சில இடங்களில் பழைய கார் விலையைக் கழித்த மீதிக்கு மட்டும்தான் வரி. அங்கே மாற்றிக்கொள்வதே லாபமாக முடியலாம். கணக்குப் போட்டால்தானே தெரியும்?

கேள்வி: காருக்கு எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் மாற்றிப் பெருஞ்செலவு செய்திருக்கிறேன். விற்கும்போது அந்தப் பணம் திரும்ப வருமா?

வராது. பழைய பாகங்களைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிவிட்டு, புதியவற்றைத் தனியாக விற்றுப்பாருங்கள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: என் அப்பா கொடுத்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்து, பழைய நான்கு கதவு கார் ஒன்று வாங்கினேன். மீட்டரில் 61,000 கி.மீ. போன வாரம் கதவை அகலத் திறந்து துடைத்தபோது, உள்பக்கத் தூணில் எண்ணெய் மாற்றிய சின்ன ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. அதில் 1,12,000 என்று எழுதியிருக்கிறது. விற்றவர் "அது வேறு காரின் ஸ்டிக்கர்" என்கிறார். நான் ஏமாந்த முட்டாளா சார்?

இல்லையம்மா. மீட்டரைத் திருப்பிவிட்டு விற்பது பல நாடுகளில் குற்றம். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரைத் திட்டும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அப்பா கொடுத்த கார் என்று ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். கதவும் தூணும் வண்டி எண்ணும் ஒரே படத்தில் தெரிய வீடியோ எடுங்கள், அதிலேயே மீட்டரையும் காட்டுங்கள். எதையும் இப்போது ரிப்பேர் செய்யக் கொடுக்காதீர்கள். முதலில், விற்றவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா, ஸ்டியரிங் பளபளக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று அவர் குறித்துத் தரட்டும். பல கார்களில் கி.மீ. கணக்கு மீட்டரைத் தவிர வேறு கணினிகளிலும் பதிவாகியிருக்கும், அதையும் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் பதினேழு எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள்தானே? பிறகு விற்றவருக்குப் பேச்சில் இல்லாமல் எழுத்தில், தேதி குறித்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்புக்கும் காவல்துறைக்கும் போங்கள். அந்த ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் அவரிடமே நிற்கிறதா என்று இன்றே விசாரித்துவிடுங்கள். நின்றால், விற்றுவிடக் கூடாது என்று அதே கடிதத்தில் எழுதி, ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் நான் கத்தரிக்கவில்லை.

கேள்வி: ஓட்டிப் பார்க்காமலே இணையத்தில் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். நெரிசலில் குலுங்குகிறது. நிறுத்துமிடத்தில் தூண் இடிப்பதால் கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது. ஐந்து மாதம் ஆகிறது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளக்க ஒரு டேப் போதுமே! செருப்பு வாங்கினாலே போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம்.

தொலைவிலிருந்தே வாங்கியதைக் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு 14 நாள். உங்களுக்கு ஐந்து மாதம். குலுக்கலுக்கு வருவோம். இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் உள்ளே இருப்பது கிளட்ச்தான். நீங்கள் அங்குலம் அங்குலமாக நகரும்போதெல்லாம் அது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகிறது; எண்ணெயில் மூழ்காத வகை என்றால் இன்னும் சீக்கிரம். முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்த பிறகு நகருங்கள். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே குலுக்கலை எழுத்தில் புகார் செய்து, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தூணுக்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: அலுவலகம் 6 கி.மீ. தூரம். மைலேஜ் நன்றாக வரும் என்று டீசல் கார் பார்த்து வைத்திருக்கிறேன்.

நானும் பார்த்தேன், வாங்கினேன், அழுதேன். என் அலுவலகம் அப்போது 5 கி.மீ. இப்போதைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். எஞ்சின் சூடாகும் முன்பே நான் அலுவலக வாசலில் நின்றேன். நான்காவது மாதம் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வடிகட்டிக்காகவே நெடுஞ்சாலைக்குப் போய்வந்தேன், நாய்க்குட்டியை உலாத்தக் கூட்டிப்போகிற மாதிரி. மிச்சம் பிடித்த டீசலெல்லாம் அங்கே எரிந்தது. பெட்ரோலோ ஹைபிரிட்டோ பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் மின்சாரக் கார்? வீட்டில் சாதாரண பிளக் மட்டும்தான் இருக்கிறது.

தினமும் 60, 70 கி.மீ. என்றால் அதுவே போதும். 2 கிலோவாட் வீதம் பத்து மணி நேரம் ஏற்றினால் சுமார் 20 யூனிட். சிறிய காருக்கு 100 கி.மீ.க்குக் குறையாது. பிளக்கையும் ஒயரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், இரவெல்லாம் தாங்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் அந்த பிளக்கூட இல்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் என் ஸ்போர்ட்ஸ் காரை விற்றேன். நேற்று சிக்னலில் அது என் பக்கத்திலேயே வந்து நின்றது. வாங்கியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, விற்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார். இரவு தூக்கம் வரவில்லை. திரும்ப வாங்கலாமா?

எனக்கும் இது நடந்தது. மஞ்சள் நிறக் கார், கொடுத்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கியர் நாபில் என் கட்டை விரல் தேய்த்த இடம் அப்படியே இருந்தது. அதைத் தொட்டதும் பேரம் பேசவே தோன்றவில்லை, அவர் சொன்ன விலைக்கு வாங்கினேன். என் கார்தானே, எனக்குத் தெரியாதா என்று மெக்கானிக்கிடம்கூடக் காட்டவில்லை. மூன்றாவது வாரம் எஞ்சினைத் திறந்தபோது உள்ளே தார் மாதிரி ஒட்டியிருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் ஒருமுறைகூட எண்ணெய் மாற்றவில்லையாம்.

வாங்கலாம். எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.