சூடானதும் நிற்கும் எம்ஜிபி: எஞ்சினைக் கழற்றும் முன்

நண்பரே, உங்கள் 1972 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பர்மிங்காம் நெரிசலில் சூடானதும் நின்றுபோகிறது, பெட்ரோல் வாடை வேறு. எஞ்சினைத் தூக்கிவிட்டு மின்மோட்டார் பொருத்தலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அதிலுள்ள நல்ல பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சினை இதற்காகவா கழற்றுவது?

எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி எஸ்யூ பம்பை (மின்சார பெட்ரோல் பம்பு) கவனியுங்கள். கார்புரேட்டரின் மிதவை அறைகளில் பெட்ரோல் நிரம்பும்வரை டக்டக்கென அடித்துவிட்டு அடங்க வேண்டும். அடங்காவிட்டால், ஒன்று டாங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் காற்று புகுகிறது, அல்லது மிதவை அறை நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. வாடை வருவதால் ஊசி வால்வு மேல்தான் என் சந்தேகம். தூசு சிக்கியிருந்தால் துடைத்தால் போதும். ஊசியின் கூம்பில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் இரண்டு கார்புரேட்டருக்கும் புதிது போடுங்கள். கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது, வழியும் பெட்ரோல் தீப்பிடிக்கும். சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10% வரை எத்தனால் கலந்தது. அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக் குழாயாக மாற்றி, எத்தனால் குறைவான (5% வரை) சூப்பர் இ5 பெட்ரோல் நிரப்புங்கள். கார்புரேட்டருக்குப் பின்னாலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டில் காப்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.