துகள் சிறுத்தால் வினை பெருகுமா? வாசகர் கேள்விகள்

கே: ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமத்தைப் பொடித்தால் வினைதிறன் எத்தனை மடங்கு கூடும்?

எதிலிருந்து எதுவரை பொடிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! ஒரு மைக்ரான் துகளென்றால் கிராமுக்குச் சுமார் 1 சதுர மீட்டர் பரப்பு, 10 நானோமீட்டரென்றால் நூற்றுக்குமேல். வினை வேகமும் அப்படியே நூறு மடங்காகும் என்று எண்ணாதீர்கள். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பளவை அளந்து பாருங்கள்.

கே: 200 மெஷ் சல்லடையில் சலித்த பொடி நானோதானே?

இல்லை. அதன் கண் 75 மைக்ரான், அதாவது 75,000 நானோமீட்டர்.

கே: மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு பொடி சில மாதங்களில் பழுப்பாகிவிட்டது. காந்தம் ஒட்டுகிறதே, கெடவில்லைதானே?

கெட்டுவிட்டது. காற்று பட்டு மேக்ஹெமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடு ஆகியிருக்கிறது, அதுவும் காந்தத்தில் ஒட்டும். துகள் சிறுத்தால் இந்த மாற்றம் விரைவு. நைட்ரஜன் நிரப்பி மூடி வையுங்கள்.

கே: தண்ணீரிலுள்ள ஆர்செனிக்கைப் பிடிக்க, ஃபெரிஹைட்ரைட் (நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு) தயாரித்து 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தினோம். ஆர்செனிக் பிடிப்பு எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. தண்ணீரில் கோளாறா?

தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். இதே தவற்றோடு வரும் கடிதங்களுக்குப் பல வருடமாகப் பதில் எழுதுகிறேன். ஃபெரிஹைட்ரைட் துகள் சில நானோமீட்டர்தான். ஈரமாக இருக்கும்வரை கொழகொழவென்று விரிந்து கிடக்கும், பரப்பு கிராமுக்கு இருநூறு முந்நூறு சதுர மீட்டருக்கும் மேல். சூட்டில் வைத்தால் துகள்கள் இறுகிக் கட்டியாகும். கல்வத்தில் எவ்வளவு அரைத்தாலும் பழைய பரப்பு திரும்பாது. ஈரத்தோடு விட்டாலும் நாளடைவில் கோதைட், ஹேமடைட் போன்ற பெரிய படிகங்களாக மாறும். சென்னை ஐஐடியில் வேதியியலாளர் பிரதீப்பின் குழுவினர் இதை உணர்ந்துதான் ஃபெரிஹைட்ரைட்டைக் கைட்டோசான் என்ற உயிரிப் பலபடிக்குள் அடைத்து, மாறாமல் நிறுத்தி, ஆர்செனிக் வடிகட்டி செய்தார்கள். நீங்கள் ஈரச்சேறாகவே குளிரில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்துங்கள். சிறு பகுதியை மட்டும் உறையவைத்து உலர்த்தி, பரப்பளவை அளந்து பாருங்கள். அளக்காமல் ‘நானோ’ என்று தலைப்பிட்ட அறிக்கையை எனக்கு அனுப்பவே வேண்டாம்.

கே: வயலில் தண்ணீர் கட்டியதும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடுவது ஏன்?

ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் ஃபெரிக் இரும்பை எளிதில் கரையும் ஃபெரஸ் இரும்பாக ஒடுக்குகின்றன. நுண்துகளான ஃபெரிஹைட்ரைட் முதலில் கரைந்து, பிடித்திருந்த பாஸ்பேட்டை விடுகிறது. பெரிய படிகங்கள் மெல்லத்தான் கரையும். மண் ஆய்வில் இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் ஆக்சலேட் கரைசல், அது பெரும்பாலும் நுண்துகளைத்தான் கரைக்கும். இருட்டில் செய்யுங்கள், வெளிச்சம் பட்டால் படிகமும் கரைந்து கணக்கு தப்பும்.

கே: ஹேமடைட் கட்டி கருத்திருக்க, உரசினால் சிவப்பது ஏன்?

துகள் அளவுதான். கட்டியில் ஒளி உள்ளேயே அடங்கிவிடுகிறது, பொடியில் சிவப்பு சிதறி வெளிவருகிறது. உரசும்போது முகக்கவசம் போடுங்கள்.