ஒரே இஎஸ்பி32-ல ரெண்டு டிஸ்ப்ளே: எல்விஜிஎல்-ல எப்படி சமாளிக்கிறது?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், பின்னாடி படிக்கிறவங்களுக்கும் உதவும். கடையில வைக்கிற எடை மெஷின், உள்ள இஎஸ்பி32 (மைக்ரோகன்ட்ரோலர் சிப்), கடைக்காரர் பக்கம் 320க்கு 240 டச் டிஸ்ப்ளே, சிப் ஐஎல்ஐ9341, சாமான் வாங்குறவங்க பக்கம் 240க்கு 240 எஸ்டி7789, அதுல டச் கிடையாது, ரெண்டும் ஒரே எஸ்பிஐ பஸ்ல (டேட்டா போற பொதுக் கம்பிகள்ல) தொங்குது. ஸ்க்ரீன்ல யூஐ வரையற லைப்ரரி எல்விஜிஎல், வெர்ஷன் 9. முதல் டிஸ்ப்ளே ஓடுது, ரெண்டாவது வெள்ளையா நிக்குது, சில சமயம் மொத்தமா ஹேங் ஆகுது, ரெண்டுலயும் தனித்தனியா ஸ்க்ரீன் மாத்தறது எப்படின்னு கேட்டிருக்கீங்க.

நான் டூயல் டிஸ்ப்ளே வச்ச மெஷினுக்கு ஃபர்ம்வேர் எழுதற வேலையிலதான் இருக்கேன், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். எனக்கு எல்விஜிஎல் ரொம்பப் பிடிக்கும். ஹங்கேரிக்காரர் காபோர் கிஸ்-வாமோசி ஆரம்பிச்ச லைப்ரரி, எம்ஐடி லைசென்ஸ், இவ்வளவு சின்ன சிப்ல இப்படி ஒரு யூஐ ஓடும்னா அதுக்கு இவங்க உழைப்புதான் காரணம். எத்தனை டிஸ்ப்ளே வேணும்னாலும் வச்சுக்கலாம்னு அதுல இடம் விட்டிருக்காங்க. ஆனா நெட்ல இருக்கற உதாரணம் பெரும்பாலும் ஒரே டிஸ்ப்ளேய மனசுல வச்சு எழுதினது, அதை அப்படியே காப்பி பண்ணி ரெண்டாவது டிஸ்ப்ளேக்குப் போறப்பதான் தகராறே ஆரம்பிக்குது.

விஷயம் இதுதான். எல்விஜிஎல் உள்ளுக்குள்ள ஒவ்வொரு டிஸ்ப்ளேக்கும் தனித்தனியா எல்லாம் வச்சிருக்கு, அதோட பஃபர் (வரையற பிக்சலை வைக்கிற மெமரி), ஃப்ளஷ் கால்பேக் (அந்த பிக்சலை டிஸ்ப்ளேக்கு அனுப்பற நம்ம ஃபங்ஷன்), ரெஃப்ரெஷ் டைமர், ஆக்டிவ் ஸ்க்ரீன், பாட்டம் லேயர், டாப் லேயர், சிஸ்டம் லேயர் எல்லாமே. ஆனா நாம தினம் கூப்பிடற சின்னச் சின்ன ஃபங்ஷன்கள், 'ஸ்க்ரீன் ஆக்டிவ்', 'லேயர் டாப்' மாதிரி, இதுக்கெல்லாம் எந்த டிஸ்ப்ளேன்னு ஆர்க்யுமென்ட்டே கிடையாது. அதெல்லாம் டீஃபால்ட் டிஸ்ப்ளேயதான் பாக்கும். முதல்ல எதை கிரியேட் பண்ணீங்களோ அதுதான் டீஃபால்ட், நீங்களா மாத்தற வரைக்கும் அதேதான். அப்ப நீங்க 'ஸ்க்ரீன் ஆக்டிவ்'ல லேபிள் போட்டா, எங்க உக்காந்து போட்டாலும் அது முதல் டிஸ்ப்ளேக்குத்தான் போகும், ரெண்டாவது காலியா நிக்கும். காலியா இருக்கற ஸ்க்ரீனோட நிறம் டீஃபால்ட் தீம்ல கிட்டத்தட்ட வெள்ளை. இனிஷியலைஸ் ஆகாத பேனலும் பேக்லைட் எரிஞ்சா வெள்ளையாதான் தெரியும். இதனாலதான் வயரிங்ல தப்பா கோட்ல தப்பான்னு தெரியாம ஆளுங்க நாள்கணக்கா மல்லாடறாங்க.

பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. டிஸ்ப்ளே கிரியேட் ஃபங்ஷன் திருப்பித் தர்ற பாயிண்டரை வச்சு, 'டிஸ்ப்ளே கெட் ஸ்க்ரீன் ஆக்டிவ்'க்கு ரெண்டாவது டிஸ்ப்ளேயக் குடுத்து அதோட ஸ்க்ரீனை வாங்கி, பேக்ரவுண்ட் கலரை சிவப்பாக்குங்க, வேற எதுவும் வேணாம். சிவப்பு வந்துச்சுன்னா வயரிங், இனிஷியலைஸேஷன், ஃப்ளஷ் எல்லாம் சரி, உங்க விட்ஜெட் (லேபிள், பட்டன் மாதிரி) தப்பான டிஸ்ப்ளேக்குப் போயிட்டு இருக்கு. சிவப்புக்குப் பதிலா நீலமோ வேற கலரோ வந்தா பைட் ஸ்வாப் இல்லன்னா ஆர்ஜிபி வரிசை பிரச்சனை. வெள்ளையாவே இருந்தா எல்விஜிஎல்ல விட்டுட்டு கம்பியப் பாருங்க.

கம்பின்னதும் இதையும் சொல்லிடறேன். பின் பத்தலன்னு ரெண்டு பேனலுக்கும் ரீசெட் பின்னை ஒண்ணாக் கட்டியிருந்தா, ரெண்டாவது பேனலை இனிஷியலைஸ் பண்ணும்போது முதல்ல செட் பண்ணது எல்லாம் அழிஞ்சிடும், அப்ப ரீசெட்டை ஆரம்பத்துல ஒரு தடவ மட்டும் நீங்களே குடுத்துட்டு டிரைவர்கிட்ட ரீசெட் பின் இல்லன்னு சொல்லிடுங்க. எந்த பேனலைத் தொடறதுக்கு முன்னாடியும் எல்லா சிஎஸ் பின்னையும் (பஸ்ல எந்த சிப்கூடப் பேசறோம்னு தேர்ந்தெடுக்கற பின்), டச் சிப்போடதையும் சேர்த்து, ஹை பண்ணிடணும். டச் சிப் எக்ஸ்பிடி2046-ன்னா அதுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் கிளாக் குடுக்கணும், டிஸ்ப்ளேக்கு குடுக்கற 40 அதுக்கு ஆகாது. இன்னொண்ணு, பல ஐஎல்ஐ9341 மாட்யூல்ல எஸ்டிஓ லைன் (டிஸ்ப்ளேல இருந்து டேட்டா வெளிய வர்ற கம்பி) சிஎஸ் ஹை ஆனப்புறமும் பஸ்ஸை விடாது, டச் ரீடிங் கன்னாபின்னான்னு வரும். டிஸ்ப்ளேல இருந்து எதையும் ரீட் பண்ணலன்னா அந்தக் கம்பிய மாட்டவே மாட்டாதீங்க.

இப்ப ஹேங் விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியமாத் தோணுது. ஃப்ளஷ் கால்பேக்ல நீங்க பிக்சலை டிஎம்ஏக்கு (சிபியு இல்லாமலே டேட்டாவை அனுப்பற ஹார்ட்வேர்) குடுத்துட்டு திரும்பிடறீங்க, டிஎம்ஏ முடிஞ்சதும் வேற ஒரு கால்பேக் வரும், அதுல 'டிஸ்ப்ளே ஃப்ளஷ் ரெடி'ன்னு சொல்லணும், எந்த டிஸ்ப்ளே ரெடின்னு பாயிண்டரோட சொல்லணும். இஎஸ்பி-ஐடிஎஃப்ல (இஎஸ்பி32-க்கான டெவலப்மென்ட் கிட்) பேனல் ஐஓ (டிஸ்ப்ளேயோட பேசற இணைப்பு) கிரியேட் பண்ணும்போது யூசர் கான்டெக்ஸ்ட்னு ஒரு இடம் இருக்கும், அங்க குடுக்கறதுதான் அந்தக் கால்பேக்குக்கு வந்து சேரும். ஒரு டிஸ்ப்ளே கோடை காப்பி பண்ணி ரெண்டாவதுக்கு ஒட்டினா ரெண்டு இடத்துலயும் முதல் டிஸ்ப்ளே பாயிண்டரே இருந்துடும், இல்லன்னா ஒரே குளோபல் வேரியபிளை ரெண்டு பேரும் பாப்பாங்க. அப்ப என்ன ஆகும்? ரெண்டாவது டிஸ்ப்ளே மேல ஒரு பட்டை மட்டும் வரைஞ்சுட்டு நின்னுடும். ஏன்னா முதல் துண்டை அனுப்பினப்ப அதோட ஃப்ளஷிங் ஃபிளாக் ஆன் ஆச்சு, முடிஞ்சதுங்கற தகவல் முதல் டிஸ்ப்ளேக்குப் போயிடுச்சு, ரெண்டாவதோட ஃபிளாக்கை யாரும் கிளியர் பண்ணல. அடுத்த துண்டை அனுப்பறதுக்கு முன்னாடி எல்விஜிஎல் அந்த ஃபிளாக்குக்காகக் காத்துக்கிட்டே சுத்தும், டைமர் ஹேண்ட்லர் (எல்விஜிஎல் வேலையெல்லாம் ஓட்டற ஃபங்ஷன்) அதுலயே மாட்டிக்கும், அதோட முதல் டிஸ்ப்ளேயும் உறைஞ்சிடும். உங்க போர்டுல ரெண்டாவது டிஸ்ப்ளேல மேல ஒரு பட்டை மட்டும் வந்து நிக்குதான்னு பாருங்க, நின்னா வேற எங்கயும் தேட வேணாம்.

பஃபர் கணக்கு: ஆர்ஜிபி565 கலர் ஃபார்மேட்ல பிக்சலுக்கு 2 பைட், 320க்கு 240 முழு ஸ்க்ரீன் 1,53,600 பைட், அதுல பத்துல ஒரு பங்காவது பஃபர் வைக்கச் சொல்றாங்க, அதாவது 24 வரி, 15,360 பைட். ரெண்டாவதுக்கும் 24 வரின்னா 11,520. ரெண்டுக்கும் டபுள் பஃபர்னு (ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பஃபர்) வச்சா மொத்தம் 53,760 பைட், இஎஸ்பி32-ல தாராளமா அடங்கும். மெமரி மிச்சம் பண்றேன்னு ஒரே பஃபரை ரெண்டு டிஸ்ப்ளேக்கும் குடுக்காதீங்க. ஒண்ணு இன்னும் டிஎம்ஏல போயிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு அதுமேல வரைய ஆரம்பிச்சா, எடை நம்பருக்கு நடுவுல வேற ஸ்க்ரீனோட துண்டு வந்து நிக்கும்.

ஸ்பீடு பத்தி நிறைய பேர் பயப்படறாங்க. 40 மெகாஹெர்ட்ஸ்ல பெரிய டிஸ்ப்ளே முழுசா அனுப்ப 31 மில்லிசெகண்ட் பக்கம், சின்னதுக்கு 23, பஸ் ஒண்ணுதானே, அதனால ரெண்டும் முழுசா மாறுதுன்னா 54, செகண்டுக்கு 18 ஃப்ரேம் தாண்டாது. ஆனா எடை மெஷின்ல மாறறது நம்பர் மட்டும்தான். 160க்கு 48 லேபிள்னா 3 மில்லிசெகண்ட்ல போயிடும், எல்விஜிஎல் மாறின இடத்தை மட்டும்தான் வரையும். அதனால பார்ஷியல் மோட்லயே இருங்க. ஸ்க்ரீன் மாத்தும்போது ஸ்லைட் அனிமேஷன் மட்டும் வேணாம், ஒவ்வொரு ஃப்ரேமும் முழு ஸ்க்ரீன் போகும், எதிர்ப்பக்கம் எடை தத்தித் தத்தி மாறும், கடையில நிக்கறவங்களுக்கு தராசு மேலயே சந்தேகம் வந்துடும்.

சரி, ஸ்க்ரீன். பேரன்ட் இல்லாம, அதாவது நல் (NULL) குடுத்து ஆப்ஜெக்ட் கிரியேட் பண்ணா அது ஸ்க்ரீன், அது அந்த நிமிஷம் எது டீஃபால்ட்டோ அந்த டிஸ்ப்ளேக்குச் சொந்தமாயிடும். அதுக்கப்புறம் பேரன்ட் மாத்தி இன்னொரு டிஸ்ப்ளேக்குக் கொண்டுபோக முடியாது. அதனால ஒரு சின்ன ஹெல்ப்பர் ஃபங்ஷன் எழுதிக்கோங்க: இப்ப இருக்கற டீஃபால்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு, வேணுங்கற டிஸ்ப்ளேய டீஃபால்ட் ஆக்கி, ஸ்க்ரீனை கிரியேட் பண்ணி, பழைய டீஃபால்ட்டைத் திருப்பி வச்சுடணும். புது டிஸ்ப்ளே கிரியேட் ஆகும்போது லைப்ரரியே உள்ளுக்குள்ள இதைத்தான் பண்ணுது, சோர்ஸைத் திறந்து பாருங்க, நாலஞ்சு வரிதான். திருப்பி வைக்கறதுதான் உயிர்நாடி, அதை விட்டுட்டா அடுத்து வேற எங்கயோ கிரியேட் ஆகற ஸ்க்ரீன் தப்பான பக்கம் போய் நிக்கும். லோட் பண்றதுல குழப்பம் இல்ல, 'ஸ்க்ரீன் லோட்' ஃபங்ஷன் அந்த ஸ்க்ரீன் எந்த டிஸ்ப்ளேயோடதுன்னு தானே பாத்து அங்கதான் லோட் பண்ணும்.

மெசேஜ் பாக்ஸ்ல கவனமா இருங்க. நல் குடுத்து கிரியேட் பண்ணா டீஃபால்ட் டிஸ்ப்ளேயோட டாப் லேயர்ல வரும். உங்க கேஸ்ல டச் இருக்கற பக்கமே டீஃபால்ட்ங்கறதால தப்பிச்சீங்க. என்னைக்காவது ரெண்டாவதுக்கும் டச் வைச்சா அங்க தொட்டதுக்கு இங்க பாப்அப் வரும். எதிர்ப்பக்கத்துக்கு பாப்அப் வேணும்னா அந்த டிஸ்ப்ளேயோட டாப் லேயரை வாங்கி அதையே பேரன்ட்டாக் குடுங்க. ஈவன்ட் கால்பேக் உள்ள 'ஸ்க்ரீன் ஆக்டிவ்'னு எழுதவே எழுதாதீங்க, ஈவன்ட் எந்த ஆப்ஜெக்ட்டுக்கு வந்துச்சோ அதுகிட்டயே அதோட ஸ்க்ரீன், அதோட டிஸ்ப்ளே எதுன்னு கேட்டு வாங்குங்க. டச்சுக்கும் இன்புட் டிவைஸை கிரியேட் பண்ண கையோட டிஸ்ப்ளே எதுன்னு நேரடியா செட் பண்ணிடுங்க, டீஃபால்ட்டை நம்பி விடாதீங்க.

கடைக்காரர் பக்கம் ஹோம், ஐட்டம் லிஸ்ட், செட்டிங்ஸ், கேலிப்ரேஷன்னு நாலஞ்சு ஸ்க்ரீன் இருக்கும். எல்லாத்தையும் ஆரம்பத்துலயே கிரியேட் பண்ணி வைக்காதீங்க, எல்விஜிஎல்லோட மெமரி வெர்ஷன் 9-ல டீஃபால்ட்டா 64 கேபிதான். ஹோமை மட்டும் எப்பவும் உயிரோட வச்சுக்கிட்டு மத்ததை தேவைப்படறப்ப கிரியேட் பண்ணி, ஹோமுக்குத் திரும்பும்போது 'ஸ்க்ரீன் லோட் அனிம்'ல அனிமேஷன் இல்லாம, ஆட்டோ டெலீட்டை ட்ரூ குடுத்தா பழையது தானா அழியும். ஆக்டிவா இருக்கற ஸ்க்ரீனை நேரடியா டெலீட் பண்ணாதீங்க. அழிஞ்சுபோன ஸ்க்ரீனோட லேபிள் பாயிண்டரை ஸ்டேட்டிக்ல வச்சு ஏதோ ஒரு டைமர் அப்டேட் பண்ணிட்டு இருந்தா க்ராஷ் நிச்சயம், அதுவும் உடனே ஆகாது, செட்டிங்ஸ்குள்ள போயிட்டு வந்து கொஞ்ச நேரம் கழிச்சு ஆகும், கண்டுபிடிக்கவே உயிர் போயிடும்.

இதுக்கு வெர்ஷன் 9-ல வந்த சப்ஜெக்ட் (மதிப்பை வச்சிருக்கறது), அப்சர்வர் (அது மாறினா தகவல் வாங்கறது) ரொம்ப அருமையான தீர்வு. எடைக்குன்னு ஒரு இன்டிஜர் சப்ஜெக்ட், கிராம்ல. ரெண்டு டிஸ்ப்ளேலயும் எடை காட்டற லேபிள் ரெண்டையும் அதுல கட்டிடுங்க. சப்ஜெக்ட்டை ஒரு இடத்துல செட் பண்ணா ரெண்டு பக்கமும் மாறும், ஸ்க்ரீன் டெலீட் ஆனா அந்த லேபிளோட அப்சர்வரும் தானா கழண்டுக்கும். எடை மெஷின்ல கடைக்காரர் பாக்கறதும் வாங்குறவர் பாக்கறதும் ஒரே நம்பரா இருந்தே ஆகணும், ரெண்டு இடத்துல தனித்தனியா கணக்குப் போட்டு தனித்தனியா ரவுண்ட் பண்ற கோடை நான் எங்கயும் அனுமதிக்க மாட்டேன். கிலோவா புள்ளி வச்சுக் காட்டறதுக்கும் ஒரே ஃபார்மேட் ஃபங்ஷன்தான் இருக்கணும்.

கடைசியா டாஸ்க். டிஸ்ப்ளேக்கு ஒண்ணுன்னு ரெண்டு டாஸ்க் வச்சு ரெண்டுலயும் டைமர் ஹேண்ட்லரை கூப்பிடற யோசனை இருந்தா விட்டுடுங்க. எல்விஜிஎல் த்ரெட் சேஃப் இல்ல (ஒரே நேரத்துல ரெண்டு டாஸ்க் தொட்டா குழம்பிடும்), ஒரு ஹேண்ட்லரே எல்லா டிஸ்ப்ளேயோட ரெஃப்ரெஷ் டைமரையும் ஓட்டிடும். எடை சென்சாரைப் படிக்கிற எச்எக்ஸ்711 சிப்ல இருந்து ரீடிங் எடுக்கற டாஸ்க் தனியா இருக்கட்டும், அது செகண்டுக்கு 10 இல்ல 80 சாம்பிள்தான் தரும், ரீடிங்கை க்யூல போட்டுட்டு எல்விஜிஎல் டைமர் ஒண்ணுல அதை எடுத்து சப்ஜெக்ட்டை செட் பண்ணுங்க. வேற டாஸ்க்ல இருந்து நேரா தொடணும்னா ஓஎஸ் ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு லாக், அன்லாக் போட்டுக்கோங்க.

முதல்ல சிவப்பு டெஸ்ட், அப்புறம் யூசர் கான்டெக்ஸ்ட், இந்த வரிசையில பாருங்க. அப்பவும் ஹேங் ஆச்சுன்னா பேனல் ஐஓ கிரியேட் பண்ற ரெண்டு பிளாக்கையும் ஃப்ளஷ் கால்பேக்கையும் கமென்ட்ல போடுங்க, பாத்து சொல்றேன்.