முடக்கு வாதத்தில் டி செல்கள் மூட்டுக்குள் என்னதான் செய்கின்றன?

"நம்மைக் காக்க வேண்டிய டி செல் ஏன் மூட்டைத் தாக்குகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் டி செல் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு) இங்கே பெரும்பாலும் தானே கடிப்பதில்லை, மற்றவற்றை ஏவிவிடுகிறது.

உடலின் சில புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாறிவிடும். சிகரெட் புகை இதற்கு நன்றாகவே உதவும். எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் குறிப்பிட்ட சில வகைகள் உள்ளவர்களிடம், இப்படி மாறிய துண்டுகளை சிடி4 டி செல்கள் (மற்ற செல்களை ஏவிவிடும் வகை) அந்நியன் என்று நினைத்துக்கொள்கின்றன. அப்புறம் அவை பி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்களை உசுப்ப, இந்த பி செல்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஆன்டி-சிசிபி இதுதான்). மூட்டுச் சவ்விலோ மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) தூண்டப்பட்டு டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டுகின்றன, சவ்வு தடித்து வீங்குகிறது, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்களும் வேலையை ஆரம்பித்துவிடுகின்றன.

சரி, டி செல்லையே ஒழித்துவிட்டால்? 1990களில் சிடி4 செல்களைக் குறிவைத்த மருந்துகளை முயன்று பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அபாடாசெப்ட் என்ற மருந்து கொஞ்சம் புத்திசாலித்தனமானது: டி செல்லைக் கொல்லாது, அது முழுதாக விழித்தெழத் தேவையான இரண்டாவது சமிக்ஞையை மட்டும் தடுக்கும். பலன் தெரிய சில மாதங்கள்கூட ஆகலாம்.