குழாய்க் கூண்டுக்குள் இன்னொருவர்

வணக்கம்.

நாங்கள் ஒரு சிறிய நாடகக் குழு. அமெரிக்க நகைச்சுவை மூவரான த்ரீ ஸ்டூஜஸ் (மோ, லாரி, கர்லி) நடித்த ‘எ பிளம்பிங் வீ வில் கோ’ (1940) குறும்படத்தில் கர்லி குளியலறையில் குழாய் மாட்டும் காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதே கதையை, பின்னாளில் கர்லியின் இடத்துக்கு வந்த ஷெம்ப்பை வைத்து 1949இல் எடுத்த படத்தையும் பார்த்தோம். அதே குழாய், அதே தண்ணீர், ஆனால் பாதிச் சிரிப்புகூட வரவில்லை. இப்போது அந்த 1940 படத்தை எங்கள் நடிகர் ஒருவரை வைத்துத் திரும்ப எடுக்க ஆசை. அவர் நெட்டை, ஒல்லி, அதிகம் பேசாதவர். கர்லியின் டைமிங்கை ஷாட் ஷாட்டாக அப்படியே பின்பற்றலாமா? அல்லது கிளாசிக்கில் கைவைப்பதே தப்பா?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

கைவைப்பது தப்பென்றால் நீங்கள் சிரித்த படமே வந்திருக்காது. அதுவும் ரீமேக்தான். கொலம்பியா நிறுவனம் 1934இல் சிட்னி, முர்ரே ஜோடியை வைத்து எடுத்த பிளம்பர் கதையைத்தான் 1940இல் ஸ்டூஜஸுக்காகத் தூசி தட்டினார்கள். 1944இல் அதே சரக்கை எல் பிரெண்டல், ஷெம்ப் இருவரையும் வைத்து எடுத்தார்கள். நீங்கள் பார்த்த 1949 ‘வேகபாண்ட் லோஃபர்ஸ்’ அதற்கு அப்புறம் வந்தது. அதோடும் விடவில்லை, 1956இல் இன்னொன்று. குறும்படப் பிரிவில் கதை என்பது பொதுச்சொத்து மாதிரி. யார் சும்மா இருக்கிறாரோ அவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்லியின் நாற்காலியில் ஷெம்ப் வந்து உட்கார்ந்தார் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் மேடையில் டெட் ஹீலி என்ற நகைச்சுவை நடிகரோடு இவர்கள் இருந்த காலத்தில் மூன்றாவது ஆள் ஷெம்ப்தான். அவர் 1932இல் தனியாகப் போன பிறகு, அந்த இடத்துக்கு வந்த கடைக்குட்டித் தம்பிதான் கர்லி. 1946இல் கர்லிக்குப் பக்கவாதம் வந்ததும் அண்ணன் தன் பழைய இடத்துக்கே திரும்பினார். அதனால் ‘அசல் எதிர் நகல்’ என்ற கணக்கில் இந்த இருவரையும் வைத்துப் பார்த்தால் நியாயம் கிடைக்காது.

சரி, ஏன் சிரிப்பு குறைந்தது? குளியலறைக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. கர்லி அந்த வாயில் ஒரு குழாயை மாட்டுகிறார். அடைக்கிறோம் என்பது அவர் நினைப்பு. தண்ணீர் புதுக் குழாயின் மறுமுனையில் வருகிறது. அங்கே இன்னொரு குழாயை வளைத்து மாட்டுகிறார். இப்படியே மாட்டி மாட்டி, கடைசியில் தன்னைச் சுற்றித் தானே ஒரு கூண்டு கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கவனிக்க வேண்டியது அவர் முகத்தை. அதில் கவலையே கிடையாது. வேலை மும்முரமாக நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது என்றுதான் அவர் நம்புகிறார். கூண்டு நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஷெம்ப் வேறு ஜாதி நடிகர். அவருக்கு விபரீதம் முன்கூட்டியே மூக்கில் வேர்த்துவிடும். முணுமுணுப்பார், பதறுவார், தப்பிக்க வழி பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஏன் நாலாவது குழாயை எடுத்து மாட்டப் போகிறார்? அதற்கு 1949 படத்தில் பதில் இல்லை. குழாயை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினார்கள். ஷெம்ப்புக்குத் திறமை போதவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சார்லி சேஸ் என்ற காமெடி நடிகர் 1940இல் செய்த ‘தி ஹெக்லர்’ கதையை 1946இல் தனியாக நாயகனாக நின்று செய்தவர் அவர். மைதானத்தில் உட்கார்ந்து எல்லோரையும் சத்தம்போட்டுக் கிண்டல் செய்யும் ஆள் அந்தப் பாத்திரம். வாயும் எரிச்சலும் அவருக்குக் கூடவே பிறந்தவை என்பதால் அந்தச் சட்டை அவருக்குப் பொருந்தியது.

ஆளை மாற்றினாலும் சேதமாகாத காமெடியும் உண்டு. 1947இல் வந்த ‘ஹாஃப்-விட்ஸ் ஹாலிடே’யில், சீமாட்டி ஒருவர் வருவதைப் பார்த்த மோ, கையிலிருந்த ‘கிரீம் பை’ (pie) என்ற தின்பண்டத்தை மறைக்க மேலே வீசிவிடுவார். அது விட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாள் நேராக அதற்குக் கீழே வந்து நின்று பேச ஆரம்பிப்பார். மோ பேச்சுக்கு நடுவே மேலே மேலே பார்ப்பார். எப்போது விழும்? அவ்வளவுதான் காட்சி. கர்லிக்குப் பக்கவாதம் வந்தது இந்தப் படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பில். இறுதியில் வரும் கிரீம் பைச் சண்டையை அவர் இல்லாமலே எடுத்து முடித்தார்கள். 1958இல், ஷெம்ப்புக்குப் பிறகு மூன்றாவது ஆளாக வந்த ஜோ பெஸ்ஸரை வைத்து இதே கதையை எடுத்தபோதும் விட்டத்துக் காட்சி அப்படியே வேலை செய்தது. அங்கே நடிப்பது பண்டமும் புவியீர்ப்பும்தான், மூன்றாவது ஆள் யார் என்பதில் அது நிற்கவில்லை. பெஸ்ஸர் அடி வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை, சிணுங்குவார், சமயத்தில் திருப்பியும் அடிப்பார். அதனால் மூவரில் இன்னொருவரான லாரியின் பக்கம் அடி கூடிப்போனது. ஆள் மாறினால் அடியின் திசைகூட மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அதனால் உங்கள் முதல் வேலை, 1940 படத்தில் எது யாருடையது என்று பிரிப்பது. கரண்ட் ஒயர் போகும் குழாயில் தண்ணீரை இணைத்துவிடுவது, அதனால் சமையலறையில் அடுப்பும் விளக்கும் தண்ணீர் கக்குவது, டிவியில் நயாகராவைக் காட்டும்போது நிஜமாகவே வெள்ளம் பாய்வது: இதெல்லாம் வீட்டுக்குச் சொந்தம், யாரை வைத்தும் எடுக்கலாம். சமையல்காரராக வரும் டட்லி டிக்கர்சன் மிரளும் காட்சிகளை 1949, 1956 படங்களில் அப்படியே வெட்டி ஒட்டினார்கள் என்றால் பாருங்கள். சிக்கனம்தான் காரணம், ஆனாலும் அது ஓடியது. குழாய்க் கூண்டு மட்டும் கர்லிக்குச் சொந்தம். அதை ஷாட் ஷாட்டாக எடுத்தால் உங்கள் நடிகர் 1949இன் சிக்கலில் போய் மாட்டிக்கொள்வார்.

நெட்டை, ஒல்லி, பேசாதவர் என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது இது: இரண்டாவது குழாயிலேயே தப்பு நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடட்டும். ஆனால் கூப்பிட்டுச் சொல்லக் கூச்சம். யாராவது எட்டிப் பார்த்து ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். தலையாட்டியதற்காகவே அடுத்த குழாயை மாட்ட வேண்டியிருக்கும். கர்லியின் வேகம் இதற்கு உதவாது, நிதானம் வேண்டும். கேமராவைத் தள்ளி வைத்து முழு உடம்பும் முழுக் கூண்டும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். முகத்துக்கு குளோசப் போட்டுக் கூச்சத்தை விளக்க ஆரம்பித்தால் போச்சு.

உரிமை விஷயம்: அமெரிக்காவில் ஸ்டூஜஸ் குறும்படங்களில் நான்கு பொதுவுரிமைக்கு வந்துவிட்டன, நீங்கள் பிடித்திருப்பது அதில் இல்லை. வெளியிடும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். அப்புறம் குழாய் வாங்கப் போகுமுன் நடிகரின் கையை நீட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். கர்லி அளவுக்குக் கூண்டு கட்டினால் இவர் முழங்கால் வெளியே நிற்கும். ஒருவேளை அதுவே நல்லதோ என்னவோ, ஒத்திகையில் பாருங்கள்.