கடற்பாசி சாப்பிட்டால் தைரொயிட் பிரச்சினை தீருமா? வேறு என்ன சத்து இருக்கு?

எந்தக் கடற்பாசி என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் நோன்பு மாதத்திலும் பிறந்தநாள் வீடுகளிலும் வெட்டித் தருகிற கடற்பாசி ஒன்று. கனடாவில் இருந்து வாற சொந்தக்காரர் பெட்டிக்குள் கொண்டுவரும் நோரித்தாள் (சுஷி சுற்றுகிற காய்ந்த பாசித்தாள்) இன்னொன்று.

கடையில் வாங்குகிற வெள்ளைக் கடற்பாசி, செம்பாசியை அவித்துச் சாறெடுத்து, உறையவைத்துக் காயவிட்டது. அதில் மிஞ்சுவது பெரும்பாலும் நார்தான். எங்கட குடல் அதைச் செரிக்காது; அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகும். மலச்சிக்கல்காரருக்கு நல்ல உதவி, கலோரியும் இல்லாத மாதிரித்தான். ஆனால் ஒரு ரின்பாலை முழுசா ஊற்றிக் காய்ச்சிவிட்டு 'சத்தான சாப்பாடு' என்றால் என்ன சொல்ல? இளநீரும் கொஞ்சம் பனங்கட்டியும் போட்டுச் செய்து பாருங்கள். லீற்றருக்கு 10 கிராம் பாசி போதும். பிறிட்ஜ் இல்லாமலே உறையும். உறைந்தபின் 85 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் திரும்ப உருகும், சித்திரை வெயிலெல்லாம் அதுக்குக் கணக்கில்லை.

தைரொயிட் விஷயத்தில்தான் கவனம் தேவை. அந்தச் சுரப்பி வேலைசெய்ய அயடீன் வேண்டும், பாசியில் அது உண்டு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கு 250. ஜப்பான்காரர் சூப்புக்குப் போடுகிற கொம்பு என்ற பாசியில் ஒரு கிராமிலேயே 2000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம். நோரியில் அவ்வளவு இல்லை. இலங்கையில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்க்கவேண்டும் என்று சட்டம்; போதாததுக்கு நாங்கள் மீன் தின்னிகள். ஆக, எங்களில் பலருக்கு அயடீன் குறைவே இல்லை. கூடினாலும் தைரொயிட் கெடும், சிலருக்குக் கூடச் சுரக்கும், சிலருக்குக் குறையும். தைரொயிட்டுக்கு மருந்து குடிக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் பாசிக் குளிசையோ பவுடரோ தொடவேண்டாம். இரத்தம் உறையாமல் வார்பரின் குடிக்கிறவர்களும் அப்படித்தான், பாசியில் விற்றமின் கே உண்டு, அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

'பாலைவிடக் கல்சியம் கூட' என்று வட்ஸ்அப்பில் வருவதெல்லாம் 100 கிராம் காய்ந்த பாசிக்கான கணக்கு. ஆர் அவ்வளவு தின்னப்போகிறார்கள்? நோரியின் எடையில் மூன்றிலொரு பங்கு புரதம் என்பது உண்மை, ஆனால் ஒரு தாள் 3 கிராம்தான். ஒரு கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம். கல்சியத்துக்கு முருங்கையிலை வறையே போதும். ஹிஜிக்கி என்ற கறுத்தப் பாசி கண்ணில்பட்டால் விட்டுவிடுங்கள். ஆர்செனிக் கூட என்பதால் பிரித்தானிய உணவு அதிகாரிகளே சாப்பிடவேண்டாம் என்கிறார்கள்.

எங்கட தீவுப்பக்கமும் வலைப்பாட்டிலும் கயிறு கட்டி வளர்க்கிற பாசி, காயவைத்து ஏற்றுமதிக்குப் போவது. அதிலிருந்து எடுக்கிற கராஜினன் என்ற தடிப்பாக்கும் பொருள் ஐஸ்கிறீமிலும் பற்பசையிலும் கலக்கும், எனவே தெரியாமலே கொஞ்சம் தின்றிருப்பீர்கள்.

கசூரினாக் கடற்கரைப் பக்கம் கரையொதுங்கிய சாதாழையை அள்ளிச் சமைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் பெரும்பங்கு கடற்புல், பாசியே இல்லை, கிடந்து அழுகியதும் இருக்கும். தோட்டத்துக்குப் பசளையாகத் தாட்டுவிடுங்கள்.