பனியில் நனைந்த ஹோல்ஸ்டரை ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்

கேள்வி: உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். இடுப்பின் வலப்பக்கம் தோல் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், அணிவது வழக்கம். போன வாரம் பனியில் அது நன்றாக நனைந்துவிட்டது. ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். இப்போது உடல்பகுதி கட்டை மாதிரி விறைத்திருக்கிறது, துப்பாக்கியைச் செருகுகிற வாய்ப்பகுதி மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. எண்ணெய் தடவினால் பழையபடி ஆகிவிடுமா? இல்லை, பேசாமல் கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஹோல்ஸ்டருக்கு மாறிவிடலாமா? தடித்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு எப்படிப் பாதுகாப்பாக அணிவது?

பதில்: எண்ணெயை எடுத்து ஓரமாக வையுங்கள். குதிரைச் சேணத்துக்கும் பூட்ஸுக்கும் போடுகிற எண்ணெய்கள் தோலை இளக்குவதற்கென்றே இருப்பவை. பூட்ஸ் இளகினால் காலுக்குச் சுகம். ஹோல்ஸ்டர் இளகினால் ஆபத்து. அது துப்பாக்கியைப் பிடித்து நிறுத்துவதே தன் விறைப்பால்தான்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தொளதொள வாய். முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். துப்பாக்கியைக் காலிசெய்யுங்கள்: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் ஒருமுறை தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். காலி ஹோல்ஸ்டரை பெல்ட்டில் மாட்டி, வாயின் வெளிவிளிம்பைக் கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்துங்கள். விட்டதும் தானாக எழுந்து நின்றால் சரி. மடங்கி அப்படியே கிடந்தாலோ, விளிம்பில் நாக்கு மாதிரி ஒரு மடிப்பு விழுந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஏனென்றால் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு, டிரிகரைச் (விசையை) சுற்றியிருக்கும் வளையத்துக்குள் நுழையும். நீங்கள் கீழே தள்ளத் தள்ள, தோல் டிரிகரைப் பின்னால் தள்ளும். விரல் வெளியே நீட்டிய நிலையில் இருக்கும்போதே குண்டு வெடித்துத் தொடையைத் துளைத்த சம்பவங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. இதற்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது. பார்த்துப் பார்த்து வாங்கிய பொருளாக இருந்தாலும் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியே போட்டால் வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்தக்கூடும்.

சோதனையில் தேறினால், அடுத்த முறை நனையும்போது செய்யவேண்டியது இது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காலியான துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சிறிது நேரம் உள்ளே வைத்து, ஈரத்தோல் தன் வடிவத்துக்குத் திரும்பியதும் வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு அறைக் காற்றில் ஒருநாள், இரண்டுநாள் தானாக உலரட்டும். ஹீட்டர், ஹேர் டிரையர், வெயில் எதுவும் வேண்டாம். சூட்டில் தோல் சுருங்கி, இறுகி, கடைசியில் வெடிக்கும். உங்கள் ஹோல்ஸ்டர் விறைத்ததும் அதனால்தான். முழுக்க உலர்ந்த பிறகு, அதைச் செய்த நிறுவனம் சொல்கிற தோல் கண்டிஷனரை வெளிப்பக்கம் மட்டும், ஒரு பொட்டு எடுத்துப் பூசினால் போதும்.

இன்னொன்று. துப்பாக்கியைத் தோல் ஹோல்ஸ்டருக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனங்களும் அதில் மிச்சமிருக்கும். இரும்பில் துரு ஏறும். தோல் வளையங்களில் செருகிய பித்தளைத் தோட்டாக்களில் பச்சையாகக் களிம்பு பூக்கும்.

சரி, கைடெக்ஸ். அது ஈரத்தைக் குடிக்காது, வாயும் மடங்காது என்பதால் பனிக்காலத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பனியோடு வரும் மணல், உப்புத்துகள் எல்லாம் உள்ளே தங்கி உப்புத்தாள் மாதிரி துப்பாக்கியை உரசும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். சூட்டில் வளைகிற பிளாஸ்டிக்தான் என்பதால் இதற்கும் ஹீட்டர் ஆகாது. திருகுகள்தான் இதன் பலவீனம், நடக்க நடக்கத் தளரும். திருகு தளராமல் பிடிக்கிற பசையான திரட்லாக்கரில், கழற்றக்கூடிய நீலநிற வகையை ஒரு சொட்டு விட்டு முடுக்கி, திருகின் தலையிலிருந்து பக்கத்துப் பிளாஸ்டிக் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், காலித் துப்பாக்கியைச் செருகி மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள். விழுந்தால் இன்னும் முடுக்க வேண்டும்.

இனி கோட்டு விஷயம். குளிர்காலத்தில் எல்லோரும் துப்பாக்கியை எப்படி வேகமாக எடுப்பது என்றே கேட்கிறார்கள். அதைவிட ஆபத்தான நேரம், அதைத் திரும்பச் செருகுகிற நேரம். கோட்டின் கீழ்விளிம்பில் இழுத்துக் கட்டுகிற கயிறு ஒன்று தொங்கும், அதன் நுனியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். ஒருநாள் வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகிக்கொண்டிருந்தேன். செருகும்போது பாதியில் ஏதோ தடுத்தது. துணிதான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "டிக்" என்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் டிரிகர் வளையத்துக்குள் அந்தப் பூட்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றே அந்தக் கோட்டின் கயிறுகளை உருவி எறிந்தேன். நீங்களும் உருவிவிடுங்கள், அல்லது உள்பக்கமாகத் தைத்துவிடுங்கள்.

செருகும்போது அவசரமே கூடாது. இடக்கையால் கோட்டை நெஞ்சுவரை தூக்கிப் பிடியுங்கள். ஸ்வெட்டர், சட்டை எல்லாமும் சேர்ந்து வரவேண்டும். குனிந்து வாய்க்குள் பாருங்கள், பார்க்காமல் செருகுவதில் எந்தப் பெருமையும் இல்லை. டிரிகர் விரலை நேராக நீட்டி மெதுவாக இறக்குங்கள். சிறிதாகத் தடுத்தாலும் நிறுத்தி, வெளியே எடுத்து, என்னவென்று பாருங்கள். கிளிப் வைத்த ஹோல்ஸ்டர் என்றால் இன்னும் நல்லது. காலையில் அதைக் கழற்றி வைத்து, குழல்வாய் உங்கள் கைக்கோ உடலுக்கோ நேரே வராதபடி துப்பாக்கியைச் செருகிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்தே பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

கையுறை தடித்ததாக இருந்தால் டிரிகர் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியாது. சுட்ட பிறகு துணி மாட்டிக்கொண்டு டிரிகர் முன்னால் வராமலும் போகலாம். துப்பாக்கி பிடிக்கிற கைக்கு மெல்லிய, ஒட்டிய கையுறை போதும். அதைப் போட்டுக்கொண்டே காலித் துப்பாக்கியோடு பழகுங்கள். எடுக்க வசதி என்று துப்பாக்கியைக் கோட்டுப் பையில் வெறுமனே போடுவது வேண்டவே வேண்டாம். சாவியும் அதே பையில்தான் கிடக்கும், அது டிரிகரில் மாட்டலாம். தவிர, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் உள்ளே துப்பாக்கி இருப்பது மறந்துபோகும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடி மங்குகிறதே, அதே ஈரம் துப்பாக்கியின் உள்ளேயும் படியும். துடைக்காமல் மறுபடி வெளியே போனால் அது உறைந்து பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். மாலையில் காலிசெய்து, காற்றுப்புகாத பையில் போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். அறையின் சூட்டுக்கு வந்தபின் எடுத்தால் ஈரம் பெரும்பாலும் பையின் வெளியேதான் இருக்கும். அதன்பின் துடைத்து, குளிரில் கெட்டியாகாத சிந்தெடிக் எண்ணெயை விரலில் படுவது தெரியாத அளவுக்குப் பூசுங்கள். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கிற ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் மட்டும் எண்ணெயே வேண்டாம். அங்கே அது கெட்டியானால் அடி பலவீனமாகி, தோட்டா வெடிக்காமல் போகும்.